வந்தவர் உழைப்பும் இருந்தவர் கூலியும்: குடியேற்றத்தின் பொருளியல் விளைவுகள் பற்றிய ஓர் ஆய்வு

ஒரு நாட்டுக்குள் வெளியிலிருந்து உழைப்பாளர் பெருமளவில் வந்து சேரும்போது, அங்கு ஏற்கெனவே வாழ்வோரின் கூலி, வேலை, விலைவாசி, வரிச்சுமை ஆகியவை எவ்வாறு மாறுகின்றன என்பது பொருளியலில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக விவாதிக்கப்பட்டும் ஓய்ந்துபோகாத வினாக்களுள் ஒன்று. மேலோட்டமாகப் பார்த்தால் விடை எளிது: சந்தையில் சரக்கு மிகுந்தால் விலை இறங்குவது போல, ஆள் மிகுந்தால் கூலி இறங்கும். சீனத் தொழிலாளரைத் தடுத்த 1882ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டமும், ஐரோப்பியருக்கு நாடுவாரியாக ஒதுக்கீடு விதித்த 1924ஆம் ஆண்டுச் சட்டமும் இந்த எளிய விடையைத் தம் நியாயங்களுள் ஒன்றாகக் கொண்டிருந்தன. ஆனால் கடந்த நாற்பது ஆண்டுகளில் திரட்டப்பட்ட சான்றுகளுள் பெரும்பாலானவை இதை ஆதரிக்கவில்லை. சில மட்டும் தெளிவாக ஆதரிக்கின்றன. ஒன்றுக்கொன்று முரண்படுவதாகத் தோன்றும் இந்த முடிவுகளைச் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. எத்தனை பேர் வந்தனர் என்பதைக் காட்டிலும், வந்தவரை எந்த நிபந்தனையின் பேரில் அந்நாடு உள்ளே விட்டது, அவர்கள் முதலாளியை மாற்றிக்கொள்ள முடிந்ததா, ஈட்டியதை அங்கேயே செலவிட்டு வாழ முடிந்ததா என்பவையே விளைவைப் பெரிதும் தீர்மானித்திருக்கின்றன.

எளிய விடை எங்கே குறைபடுகிறது என்பதைக் கோட்பாட்டு நிலையிலேயே காணலாம். வருகிறவர் உழைப்பை விற்பவர் மட்டுமல்லர்; வீடு வாடகைக்கு எடுப்பவர், காய்கறி வாங்குபவர், பேருந்தில் செல்பவர், முடிவெட்டிக்கொள்பவர். அவருடைய செலவு வேறு யாரோ ஒருவருடைய வேலையாகிறது. மேலும், எல்லா உழைப்பும் ஒரே வகை உழைப்பன்று. ஒருவருடைய வேலையை மற்றவர் அப்படியே செய்யக்கூடுமானால் இருவரையும் ‘பதிலிகள்’ என்றும், ஒருவர் இருப்பதால் மற்றவரின் உழைப்புக்கு மதிப்புக் கூடுமானால் ‘நிரப்பிகள்’ என்றும் பொருளியலார் குறிப்பர். புதிதாக ஒரு கொத்தனார் வருவது இன்னொரு கொத்தனாரின் கூலியைக் குறைக்கலாம். ஆனால் கட்டடப் பொறியாளருக்கும், மின்பணியாளருக்கும், செங்கல் சூளைக்காரருக்கும் அது வேலையைக் கூட்டும். மூன்றாவதாக, ஆட்கள் மிகுந்த இடத்தை நோக்கி முதலீடு நகரும். இயந்திரமும் தொழிற்கூடமும் பெருகப் பெருக, தொடக்கத்தில் இறங்கிய கூலி சில ஆண்டுகளில் மீளும். இவை அனைத்தையும் கூட்டிக் கழித்த பின் உள்நாட்டாருக்கு எஞ்சும் நிகர ஆதாயத்தைக் ‘குடியேற்ற உபரி’ என்பர். அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் 2016இல் வெளியிட்ட விரிவான அறிக்கை, ஏட்டுக் கணக்கின் வழி இந்த உபரியை அந்நாட்டின் மொத்த உற்பத்தியில் 0.31 விழுக்காடு, அதாவது ஆண்டுக்கு ஏறத்தாழ 5,400 கோடி டாலர் என மதிப்பிட்டது. நாட்டின் அளவோடு ஒப்பிட இது சிறு தொகை. அதே கணக்கு உள்நாட்டுத் தொழிலாளரிடமிருந்து உள்நாட்டு முதலுடையோர் பக்கம் இதைப்போல் பன்மடங்கு தொகை இடம்மாறுவதாகவும் காட்டுகிறது. ஆகவே, நாட்டுக்கு ஆதாயமா நட்டமா என்று கேட்பதைவிட, நாட்டுக்குள் யாருக்கு ஆதாயம், யாருக்கு நட்டம் என்று கேட்பதே பயனுள்ளது.

இதை அளப்பது கடினம்; காரணம், குடியேறுவோர் கண்மூடித்தனமாக ஓரிடத்துக்குச் செல்வதில்லை, வேலையும் கூலியும் ஏறுமுகமாக உள்ள நகரங்களையே தேடிச் செல்கின்றனர். அந்நகரங்களில் கூலி உயர்ந்திருப்பதைக் கண்டு, குடியேற்றத்தால் கூலி உயர்ந்தது என முடிவுகட்டினால் காரணமும் காரியமும் இடம்மாறிவிடும். எனவேதான் ஆய்வாளர்கள் ‘இயற்கைச் சோதனை’ எனப்படும் நிகழ்வுகளைத் தேடினர். பொருளாதாரக் காரணம் ஏதுமின்றி, போரோ அரசியல் முடிவோ திடீரென மக்களை ஓரிடத்தில் கொண்டுவந்து சேர்த்த நிகழ்வுகள் அவை.

அவற்றுள் மிகுதியாக ஆராயப்பட்டதும் மிகுதியாகச் சர்ச்சைக்குள்ளானதும் மயாமி நகரத்து நிகழ்வு. 1980 ஏப்ரலில் கியூப அதிபர் ஃபிடல் காஸ்ட்ரோ, நாட்டைவிட்டு வெளியேற விரும்புவோர் மரியெல் துறைமுகம் வழியே செல்லலாம் என அறிவித்தார். அடுத்த சில மாதங்களில் ஏறத்தாழ 1,25,000 பேர் படகுகளில் புளோரிடாவை அடைந்தனர். இவர்களுள் பாதிப்பேர் மயாமியிலேயே தங்கியதால், அந்நகரின் உழைப்பாளர் எண்ணிக்கை ஒரே கோடையில் 7 விழுக்காடு பெருகியது. வந்தோரில் பலர் பள்ளிக் கல்வியை முடிக்காதவர்கள், ஆங்கிலமும் அறியாதவர்கள். டேவிட் கார்டு என்னும் பொருளியலாளர், அட்லாண்டா, ஹூஸ்டன், லாஸ் ஏஞ்சலஸ், டாம்பா ஆகிய நகரங்களோடு மயாமியை ஒப்பிட்டு 1990இல் வெளியிட்ட ஆய்வு, கியூபரல்லாத எளிய தொழிலாளரின் கூலியிலோ வேலையின்மையிலோ இந்த வருகையால் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் ஏற்படவில்லை எனக் கண்டது. அந்நகரம் அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளாகக் கியூப அகதிகளை ஏற்றுப் பழகியிருந்தது. குறைந்த திறன் போதுமான தையல், ஆடைத் தொழில்கள் அங்கு வேரூன்றியிருந்தன. நாட்டின் பிற பகுதிகளிலிருந்து மயாமிக்கு வரவிருந்தோரில் ஒரு பகுதியினர் வேறு நகரங்களுக்குச் சென்றிருக்கவும் கூடும். கார்டு தாம் கண்டதற்குத் தந்த விளக்கங்கள் இவை. உழைப்புச் சந்தை ஆய்வுகளுக்காக 2021இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டபோது, இந்த ஆய்வும் அவரது பங்களிப்புகளுள் ஒன்றாகச் சுட்டப்பட்டது.

ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்குப் பின், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் போர்ஹாஸ் அதே தரவுகளை மறுபடி எடுத்தார். தாமே சிறுவயதில் 1962இல் கியூபாவிலிருந்து அமெரிக்கா வந்தவர் அவர். கூலி இழப்பு நேர்ந்திருக்குமானால் அது பள்ளிக் கல்வியை முடிக்காதவரிடமே தெரியும் என வாதிட்ட அவர், ஹிஸ்பானியர் அல்லாத, 25 முதல் 59 வயதுக்குட்பட்ட, பள்ளி முடிக்காத ஆண்களை மட்டும் தனியே பிரித்து நோக்கி, அவர்களுடைய கூலி 10 முதல் 30 விழுக்காடு வரை வீழ்ந்ததாகக் காட்டினார். அரசியல் மேடைகளில் இந்த எண் உடனே எதிரொலித்தது. ஆனால் பிரிவுகளைக் குறுக்கிக்கொண்டே போனதால், மாதிரிக் கணக்கெடுப்பில் அவரது வரையறைக்குள் வந்த மயாமிவாசிகள் ஆண்டுதோறும் மிகச் சிலராகவே எஞ்சினர். ஜியோவானி பெரியும் வாசில் யாசெனோவும் பெண்களையும், கியூபரல்லாத பிற ஹிஸ்பானியரையும் சேர்த்துக் கணக்கிட்டபோது வீழ்ச்சி மறைந்தது. மைக்கேல் கிளெமென்ஸ், ஜெனிஃபர் ஹன்ட் ஆகியோர் இன்னும் அடிப்படையான காரணத்தைச் சுட்டினர். வறிய கறுப்பின ஆண்கள் கணக்கெடுப்பில் விடுபட்டுப் போவதைச் சரிசெய்ய அதே 1980 வாக்கில் கணக்கெடுப்புத் துறை எடுத்த முயற்சியால், மயாமி மாதிரியில் அவர்களின் விகிதம் திடீரென உயர்ந்திருந்தது. பிறரைவிடக் குறைந்த கூலி பெற்றவர்கள் கூடுதலாகக் கணக்கில் வந்ததால், எவருடைய கூலியும் குறையாமலேயே சராசரி குறைந்திருக்க முடியும். இவ்விவாதத்தில் சான்றின் எடை கார்டின் பக்கமே சாய்கிறது எனக் கூறுவது நேர்மையானது. எனினும் போர்ஹாஸ் எழுப்பிய வினா, அதாவது சராசரிக்குள் மறைந்துவிடும் எளியவரைத் தனியே பார்க்க வேண்டும் என்பது, முற்றிலும் சரியான வினாவே.

நகரங்களை விடுத்து நாடு முழுவதையும் கல்வி, அனுபவம் என்ற கட்டங்களாகப் பிரித்து ஆராயும் முறையிலும் இதே இரு அணிகள் உண்டு. 1980 முதல் 2000 வரையிலான குடியேற்றம் பள்ளி முடிக்காத அமெரிக்கரின் கூலியை 8.9 விழுக்காடு குறைத்ததாக 2003இல் போர்ஹாஸ் மதிப்பிட்டார். ஒத்தாவியானோவும் பெரியும் 2012இல் வெளியிட்ட ஆய்வோ, 1990 முதல் 2006 வரையில் அத்தகைய அமெரிக்கருக்குச் சிறு ஆதாயமே விளைந்ததாகவும், ஏற்கெனவே குடியேறியிருந்தவர்களே ஏறத்தாழ 6.7 விழுக்காடு இழந்ததாகவும் கண்டது. ஒரே நாட்டின் தரவுகள் இவ்வளவு வேறுபட்ட விடை தருவதற்குக் காரணம் ஓர் அனுமானம்: ஒரே அளவு படித்த குடியேறியும் உள்நாட்டாரும் முழுப் பதிலிகளா, அல்லரா? உண்மையில் அவர்கள் முழுப் பதிலிகளாக இருப்பது அரிது. மொழியறிவு குறைந்தவர் உடலுழைப்பு வேலைகளில் சேர, மொழியறிந்த உள்நாட்டார் மேற்பார்வை, விற்பனை, வாடிக்கையாளர் சேவை போன்றவற்றுக்கு நகர்வதைப் பெரியும் சாட் ஸ்பார்பரும் அமெரிக்காவில் விளக்கிக் காட்டினர். டென்மார்க்கில் இது மேலும் தெளிவாகத் தெரிந்தது. 1986 முதல் 1998 வரை அகதிகளை நாடெங்கும் பரவலாகக் குடியமர்த்திய அரசுத் திட்டம், ஆய்வாளருக்கு ஓர் அரிய வாய்ப்பாயிற்று. அகதிகள் மிகுந்த நகராட்சிகளில் குறைந்த திறனுடைய டேனியர் உடலுழைப்பிலிருந்து சிக்கலான பணிகளுக்கு மாறி, காலப்போக்கில் கூடுதல் ஊதியமும் பெற்றனர் என ஃபோகெட், பெரி ஆகியோர் 2016இல் எழுதினர். முதல் இழப்பு பெரும்பாலும் முன்னர் வந்த குடியேறிகளுக்கே என்ற செய்தி, பொதுவிவாதங்களில் அரிதாகவே பேசப்படுகிறது.

பிற இயற்கைச் சோதனைகளும் பெரும்பாலும் சிறு விளைவுகளையே காட்டுகின்றன. அல்ஜீரியா 1962இல் விடுதலை பெற்றபோது ஏறத்தாழ 9 லட்சம் பேர் பிரான்சுக்குத் திரும்பினர். அதனால் கூலி மிகுதியாகப் போனால் 1.3 விழுக்காடும், வேலையின்மை 0.3 விழுக்காட்டுப் புள்ளியும் பாதிக்கப்பட்டதாக ஹன்ட் கணித்தார். சோவியத் ஒன்றியத்திலிருந்து வந்தோரால் இஸ்ரேலின் மக்கள்தொகை 1990களின் முதல் பாதியில் 12 விழுக்காடு பெருகியும், உள்நாட்டார் கூலியில் பாதகமான விளைவு புலப்படவில்லை என ரேச்சல் ஃபிரீட்பர்க் காட்டினார்.

எதிர்த்திசையில் நடந்த சோதனை ஒன்று இன்னும் கருத்துக்குரியது. போர்க்கால ஆள்பற்றாக்குறையைப் போக்க 1942இல் அமெரிக்காவும் மெக்சிகோவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, ‘பிரசெரோ’ எனப்பட்ட மெக்சிகோ விவசாயத் தொழிலாளர் பருவந்தோறும் அமெரிக்கப் பண்ணைகளுக்கு அழைத்துவரப்பட்டனர். இருபத்திரண்டு ஆண்டுகளில் நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பணி ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன. ஒப்பந்தத்தில் குறிக்கப்பட்ட பண்ணையாரைத் தவிர வேறொருவரிடம் அவர்கள் விருப்பப்படி வேலைக்குச் செல்ல முடியாது. உள்நாட்டுப் பண்ணைத் தொழிலாளரின் கூலியை உயர்த்துவதற்காகவே இத்திட்டம் 1964 இறுதியில் நிறுத்தப்பட்டது. ஆனால் பிரசெரோக்கள் மிகுந்திருந்த மாநிலங்களிலும், ஒருவர்கூட இல்லாதிருந்த மாநிலங்களிலும் அதன் பின் கூலி ஏறத்தாழ ஒரே போக்கில்தான் சென்றது என்று கிளெமென்ஸ், ஈதன் லூயிஸ், ஹான்னா போஸ்டல் ஆகியோர் 2018இல் வெளியிட்ட ஆய்வு நிறுவியது.

கூலி ஏன் உயரவில்லை என்பதற்குக் கலிபோர்னியாவின் தக்காளி வயல்களில் விடை இருக்கிறது. டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஜாக் ஹானா என்ற பயிர்ப் பெருக்க வல்லுநர், தடித்த தோலும் கெட்டியான சதையும் கொண்டதும், செடியிலுள்ள காய்கள் அனைத்தும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் பழுப்பதுமான ஒரு தக்காளி வகையை உருவாக்கியிருந்தார்; அதே பல்கலைக்கழகத்தில் கோபி லோரென்சன் என்ற பொறியாளர், செடியை அடியோடு அறுத்து உலுக்கிப் பழத்தைப் பிரிக்கும் அறுவடை இயந்திரத்தை வடிவமைத்திருந்தார். ஆட்கள் மலிவாகக் கிடைத்தவரை பண்ணையார் இவற்றைப் பெரிதாக நாடவில்லை. ஆள்வரத்து நின்றதும் சில ஆண்டுகளுக்குள், பதப்படுத்தும் ஆலைகளுக்குச் செல்லும் கலிபோர்னியத் தக்காளி ஏறத்தாழ முழுவதும் இயந்திரத்தால் அறுவடையாயிற்று. இயந்திரம் எட்டாத பயிர்கள் சிலவற்றின் சாகுபடியே சுருங்கியது. வெளியேற்றப்பட்டவரின் இடத்தை உள்நாட்டுத் தொழிலாளர் நிரப்பவில்லை. எஃகும் புதிய விதையும் நிரப்பின. எனினும் இக்கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு: பிரசெரோத் திட்டம் முடிந்த மறுஆண்டே, 1965 செப்டம்பரில், கலிபோர்னியாவின் டெலானோ திராட்சைத் தோட்டத் தொழிலாளரின் புகழ்பெற்ற வேலைநிறுத்தம் தொடங்கியது. முதலாளியை விட்டு விலக முடியாத ஆட்கள் வயலில் நிற்கும்வரை வேலைநிறுத்தம் எளிதில் முறியடிக்கப்பட்டது என்பதையும், அந்தக் கட்டு அறுந்த பிறகே பேரம் பேசும் வலிமை பிறந்தது என்பதையும் கூலிச் சராசரிகள் முழுமையாகக் காட்டிவிடுவதில்லை.

உள்நாட்டார் தெளிவாக இழந்த நிகழ்வும் உண்டு. கம்யூனிச ஆட்சி வீழ்ந்த பின், 1991 முதல், செக் நாட்டவர் எல்லையோரமாக உள்ள ஜெர்மானிய மாவட்டங்களில் வேலை செய்ய அனுமதிக்கப்பட்டனர். ஆனால் அங்கே குடியிருக்க அனுமதி இல்லை. காலையில் எல்லை கடந்து வந்து மாலையில் திரும்ப வேண்டும். கிறிஸ்தியான் டஸ்ட்மன், ஊட்டா ஷோன்பர்க், யான் ஸ்டூலர் ஆகியோர் 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, செக் தொழிலாளரின் பங்கு ஒரு விழுக்காட்டுப் புள்ளி உயர்ந்தபோது உள்ளூர்க் கூலி 0.13 விழுக்காடு மட்டுமே குறைந்தது. ஆனால் உள்ளூராரின் வேலைவாய்ப்பு 0.93 விழுக்காடு சுருங்கியது. மயாமிக்கும் இந்த எல்லை மாவட்டங்களுக்கும் உள்ள பெரும் வேறுபாடு அனுமதிச் சீட்டில்தான் இருக்கிறது. மயாமிக்கு வந்தவர் அங்கேயே வாடகை கொடுத்தார், அங்கேயே சாப்பிட்டார், அங்கேயே கடை வைத்தார். ஜெர்மானிய எல்லை மாவட்டங்களுக்கு வந்தவர் உழைப்பை மட்டும் அங்கே விட்டுவிட்டுச் செலவைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோனார். இவ்வொப்பீட்டில் வேறு காரணங்களும் கலந்திருக்கலாம். ஆயினும் உழைப்பை ஏற்று மனிதரை விலக்கும் கொள்கை உள்நாட்டாரையும் காக்கவில்லை என்பது இதில் தெளிவு.

விலைவாசியில் விளைவு இரு திசையிலும் செல்கிறது. வீட்டுப் பணி, தோட்டப் பராமரிப்பு போன்ற சேவைகள் மலிகின்றன. அதனால் நன்கு படித்த பெண்கள் கூடுதல் நேரம் வேலைக்குச் செல்ல முடிகிறது. மறுபுறம், நகர மக்கள்தொகையில் ஒரு விழுக்காட்டுக்கு ஈடான குடியேற்றம் வாடகையை ஏறத்தாழ ஒரு விழுக்காடு உயர்த்துகிறது என ஆல்பர்ட் சாயிஸ் அமெரிக்க நகரங்களில் கண்டார். வீடு வைத்திருப்பவருக்கு வரவாகும் இது, வாடகைக்கு இருப்பவருக்குச் செலவாகிறது.

அரசின் வரவு செலவைப் பொறுத்தவரை, குடியேறி எந்த வயதில் வந்தார், எவ்வளவு படித்தவர், எவ்வளவு விரைவில் வேலையில் சேர்ந்தார் என்பவையே முக்கியம். முன்னர்க் குறிப்பிட்ட 2016ஆம் ஆண்டு அறிக்கை, முதல் தலைமுறையினரின் பிள்ளைகளுக்குக் கல்வி அளிக்கும் செலவு மாநில, உள்ளாட்சி அரசுகளின் தலையில் விழுகிறது என்றும், அப்பிள்ளைகள் வளர்ந்த பின் நாட்டின் மிக வலுவான வரி செலுத்துவோருள் அடங்குகின்றனர் என்றும் காட்டியது. ஆக, செலவைச் செய்வது ஓர் அரசு, வரவைப் பெறுவது பெரும்பாலும் மற்றோர் அரசு. எல்லைப்புற மாநிலங்களின் மனக்குறைக்கு இதில் உண்மையான அடிப்படை இருக்கிறது. ஆவணமற்ற தொழிலாளர் தாங்கள் ஒருபோதும் பெறப்போகாத ஓய்வூதியத்துக்காகச் சந்தா செலுத்துவதால், 2010இல் மட்டும் அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு நிதிக்கு ஏறத்தாழ 1,200 கோடி டாலர் நிகர வரவு கிடைத்ததாக அந்நிதியின் தலைமைக் கணக்கீட்டாளர் மதிப்பிட்டார். ஐரோப்பாவில் அகதிகளால் ஏற்படும் செலவு உண்மையானது; ஆனால் அதில் ஒரு பகுதி அரசுகள் தாமே விளைவித்துக்கொண்டது. ஜெர்மனியில் யூகோஸ்லாவியாவிலிருந்து வந்த அகதிகளைப் பற்றிய ஓர் ஆய்வு, வேலை செய்வதற்கான தடை ஏழு மாதம் கூடுதலாக நீடித்தவர்களிடையே ஐந்தாண்டுகளுக்குப் பின்னும் வேலையில் இருப்போர் விகிதம் 20 புள்ளிகள் குறைந்திருந்ததையும், இடைவெளி மறையப் பத்தாண்டுவரை ஆனதையும் கண்டது. உழைக்க வந்தவரை உழைக்கவிடாமல் வைத்துவிட்டு, அவர் பாரமாக இருக்கிறார் எனக் குறைகூறுவது நியாயமாகாது.

உயர்திறன் கொண்டோரின் வருகையில் சான்று பெரிதும் ஆதாயத்தின் பக்கமே. நாஜி ஆட்சியிலிருந்து தப்பி அமெரிக்கா சேர்ந்த யூத வேதியியலாளர்கள் ஈடுபட்ட துறைகளில் 1933க்குப் பின் அமெரிக்கக் காப்புரிமைகள் 31 விழுக்காடு பெருகின. ஆனாலும் இங்கும் இழந்தவர் உண்டு: சோவியத் ஒன்றியம் சிதைந்த பின் வந்த கணித மேதைகளின் துறைகளிலேயே ஈடுபட்டிருந்த அமெரிக்கக் கணிதவியலாளரின் ஆய்வு வெளியீடுகள் குறைந்தன. பல்கலைக்கழகப் பணியிடங்கள் புதிதாகப் பெருகாததே இதன் காரணம் எனலாம். தக்காளி வயலில் உதவியதுபோல் அங்கே இயந்திரமும் உதவவில்லை, சந்தையும் விரியவில்லை.

இதுவரை கூறியவை பெரும்பாலும் செல்வ நாடுகளின் கதை. பொருளியல் நூல்கள் அதிகம் பேசாத, ஆனால் தமிழருக்கு நேரடியாகத் தொடர்புள்ள இன்னொரு குடியேற்றம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையையும் மலாயாவையும் உருமாற்றியது. இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கு 1830கள் முதல் திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம் பகுதிகளிலிருந்து சென்றவர்கள் முதலில் பருவகாலத் தொழிலாளர். அறுவடை முடிந்ததும் திரும்பினர். இலைத்துரு நோய் 1869 முதல் காப்பியை அழிக்க, அதன் இடத்தில் தேயிலை வந்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். ஆகவே குடும்பத்தோடு நிலையாகத் தங்கும் உழைப்பாளர் தேவைப்பட்டனர். காப்பிக்காகவே போடப்பட்டு 1867இல் கண்டியை எட்டிய இருப்புப்பாதையும், கொழும்புத் துறைமுகத்தின் வளர்ச்சியும், நாட்டின் அந்நியச் செலாவணியும் இவ்வுழைப்பின் மேல் எழுந்தன. விடுதலையின்போது தேயிலை, ரப்பர், தென்னை ஆகிய மூன்றும் சேர்ந்து இலங்கை ஏற்றுமதியில் ஏறத்தாழ 90 விழுக்காடாக இருந்தன. 1940களில் தொடங்கிய இலவசக் கல்விக்கும், மானிய அரிசிக்கும் பணம் தந்த அரசு வருவாயில் தோட்ட ஏற்றுமதி மீதான வரிகளுக்குப் பெரும்பங்கு உண்டு. அந்தத் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள் படித்த பள்ளிகளோ 1970களில்தான் அரசுப் பள்ளி அமைப்புக்குள் எடுத்துக்கொள்ளப்பட்டன.

ஏற்றுமதி இவ்வளவு பெருகியும் கூலி ஏன் பெருகவில்லை? விடை, ஆள் சேர்த்த முறையில் இருக்கிறது. கங்காணி எனப்பட்ட ஆள்திரட்டி ஊரில் முன்பணம் கொடுத்து ஆட்களைத் திரட்டினார். வழிச்செலவும் அரிசியும் துணியும் அக்கடனோடு சேர்ந்தன. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் வேலைக்கு வந்து நின்ற ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்ததால், ஒருவரும் படுத்துவிடாமல், ஒருவரும் விலகிவிடாமல் பார்ப்பதே அவரது வருமானமாயிற்று. வேறு தோட்டத்துக்குச் செல்ல ‘துண்டு’ வேண்டும். இன்ன தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கலாம் எனத் தோட்ட அதிகாரியான துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு அது. கடனோடு கைமாறுகிறவருக்குக் கூலி பேரம் பேச இடமில்லை. இந்தத் துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது; 1927ஆம் ஆண்டுச் சட்டம் குறைந்தபட்சக் கூலிக்கு வழிசெய்தது. கண்டி மலைநாட்டுச் சிங்கள விவசாயிகளின் மனக்குறையும் இதே காலத்தில் வேர்விட்டது. 1840ஆம் ஆண்டு நிலச் சட்டத்தின் கீழ் அரசு உடைமையாக்கி விற்ற நிலம் அவர்களின் மேய்ச்சலுக்கும் ‘சேனை’ எனப்படும் காடெரிப்பு வேளாண்மைக்கும் உரியதாயிருந்தது. நிலத்தை எடுத்தது அரசும் தோட்ட முதலாளியும். கோபம் திரும்பியது தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயத்தில் வாழ்ந்த தொழிலாளி மேல்.

மலாயாவில் 1907இல் ஏற்பட்ட தமிழர் குடியேற்ற நிதி, எல்லாத் தோட்ட முதலாளிகளிடமும் தீர்வை பெற்று அதிலிருந்து பயணச் செலவைக் கொடுத்ததால், தொழிலாளி எந்தத் தனி முதலாளிக்கும் கடன்படாமல் இறங்க முடிந்தது. இது உண்மையான முன்னேற்றம். ஆனால் 1930 முதல் 1932 வரையிலான பெருமந்தத்தில் ரப்பர் விலை சரிந்தபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தென்னிந்தியர் திருப்பியனுப்பப்பட்டனர். செழிப்பில் உழைப்பை இறக்குமதி செய்த நாடு, நெருக்கடியில் வேலையின்மையை நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் ஏற்றுமதி செய்தது. செயிண்ட் லூசியாவில் பிறந்து 1979இல் நோபல் பரிசு பெற்ற ஆர்தர் லூயிஸ், வெப்பமண்டல நாடுகளின் வறுமைக்கே இத்தகைய மலிவான உழைப்பில் ஒரு காரணத்தைக் கண்டார்: 1880களில் ஆஸ்திரேலியாவில் கட்டடக் கூலியாள் நாளுக்கு ஒன்பது ஷில்லிங் பெற்றபோது, இந்திய, சீனத் தொழிலாளர் ஒரு ஷில்லிங்குக்குத் தோட்டங்களில் உழைத்தனர், அதனால் தேயிலையும் ரப்பரும் உலகச் சந்தையில் நிலையாக மலிந்தன. ஏற்ற நாட்டின் உற்பத்தித்திறன் உயர உயர, அதன் பயன் வாங்குபவருக்கே சென்றது.

குடியுரிமை, இந்தக் கணக்கின் கடைசி வரி. இலங்கையில் 1946இல் ஏறத்தாழ 7.8 லட்சமாக, மக்கள்தொகையில் 11.7 விழுக்காடாக இருந்த, தோட்டத் தொழிலாளரின் வழிவந்த மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என எண்களாகப் பங்கிட்டது. எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. வாக்குரிமையும் இடம்பெயரும் உரிமையும் அற்ற ஒரு தொழிலாளர் கூட்டம் அரை நூற்றாண்டு இருந்ததன் பொருளாதாரச் செலவை, தேசிய வருமானக் கணக்கு எங்கும் பதிவு செய்யவில்லை.

பொருளாதார ஆதாயம் கண்கூடாக இருந்தபோதும் எதிர்ப்பு எழலாம் என்பதற்கு இலங்கை தனிச் சான்றல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்து அமெரிக்க நகரங்களை ஆராய்ந்த மார்கோ தபெல்லினி, குடியேற்றத்தால் உள்நாட்டாரின் வேலைவாய்ப்புப் பெருகிய நகரங்களிலேயே குடியேற்ற எதிர்ப்பு அரசியலும் வளர்ந்ததைக் கண்டார். சமயமும் பண்பாடும் வேறுபட்டவர் வந்த இடங்களில் எதிர்ப்பு கூடுதலாக இருந்தது. ஆகவே கூலி பற்றிய சான்று எவ்வளவு வலுவாயினும், அது மட்டுமே இவ்விவாதத்தைத் தீர்த்துவிடும் என எதிர்பார்க்க இயலாது.

நிபந்தனையே விளைவைத் தீர்மானிக்கிறது என்பதற்கு மிக நேரடியான சான்று வளைகுடாவிலிருந்து வருகிறது. ‘கஃபாலா’ எனப்படும் பொறுப்பாளர் முறையில், தொழிலாளியின் விசா குறிப்பிட்ட முதலாளியோடு பிணைக்கப்பட்டிருக்கும். ஐக்கிய அரபு அமீரகம் 2011 ஜனவரி முதல், ஒப்பந்தக் காலம் முடிந்த தொழிலாளி பழைய முதலாளியின் சம்மதமின்றியே வேறு வேலைக்கு மாறலாம் என விதியைத் திருத்தியது. சுரேஷ் நாயுடு, யா நியார்கோ, ஷிங்-யி வாங் ஆகியோர் சம்பளப் பதிவேடுகளை ஆராய்ந்து 2016இல் எழுதியபடி, ஒப்பந்தம் முடிவடைந்த தொழிலாளரின் வருமானம் இவ்விதியால் 10 விழுக்காட்டுக்கும் மேல் உயர்ந்தது. புதிய தொழிற்சாலையோ புதிய திறனோ இதற்குத் தேவைப்படவில்லை. விட்டு விலகும் உரிமை ஒன்றே போதுமானதாயிருந்தது. மலிவான, பிணைக்கப்பட்ட உழைப்பு பக்கத்தில் இருக்கும்வரை உள்நாட்டுத் தொழிலாளியின் பேரம் பேசும் வலிமையும் தாழ்ந்தே இருக்கும். எனவே வந்தவரின் உரிமையைக் காப்பது இருந்தவரின் கூலியைக் காக்கும் வழியும் ஆகும்.

திருப்பூரின் பின்னலாடை ஆலைகளிலும் சென்னையின் கட்டுமானத் தளங்களிலும் இன்று ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர் நிறைந்திருக்கின்றனர். அவர்கள் ஒரே நாட்டின் குடிமக்கள். ஆயினும் ஏற்கும் பகுதியில் எழும் வினாக்கள் மேற்கண்டவையே. அவர்களுடைய எண்ணிக்கையைப் பற்றியே தமிழகத்தில் மிகுதியாகப் பேசப்படுகிறது. முன்பணக் கடனோடு வருகிறார்களா, ஒப்பந்தக்காரரை விட்டு விலகி வேறு வேலைக்குச் செல்ல முடிகிறதா, குடும்பத்தோடு வாடகைக்கு வீடெடுத்துப் பிள்ளைகளை உள்ளூர்ப் பள்ளியில் சேர்க்க முடிகிறதா என்ற விவரங்களை ஆலைவாரியாக, ஆண்டுவாரியாகத் திரட்டி வெளியிட, தொழிலாளர் துறையும் தமிழகப் பல்கலைக்கழகங்களும் இனியும் தாமதிக்கலாகாது.